மலையடிவாரத்தில் ஒரு பழைய சின்ன கார்: பழுதுகளும் ஓட்டும் செலவும்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஒரு குடும்பம் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பழைய கார்தான். அதிலும் மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10 போன்ற சிறிய பெட்ரோல் கார்களே அதிகம் கைமாறுகின்றன. மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது; 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதே 796 சி.சி. வகை எஞ்சினுடன் 2000-ல் வந்த ஆல்டோ, 2020-க்குள் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ 1998-லும், வேகன் ஆர் 1999 இறுதியிலும் அறிமுகமாயின. இத்தனை ஆண்டுகள், இத்தனை எண்ணிக்கையில் ஓடியதால் இவற்றின் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். பழைய சின்ன காரின் முதல் பலம் அதுதான்.

மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டு போன்ற ஊரில் அந்தக் கார் மூன்று வகைப் பாதையில் ஓட வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்லுக்கும் பெரியகுளம், தேனிப் பக்கமும் போகும் சமவெளி நெடுஞ்சாலை ஒன்று. சந்தை நாளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் கடைத்தெரு இன்னொன்று. மூன்றாவது, கொடைக்கானல் மலைப்பாதை. சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் வத்தலக்குண்டிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலுக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தில், 1,800 மீட்டர் ஏற வேண்டும். சமவெளியில் வருடக் கணக்கில் வெளியே தெரியாத பழுதுகள் இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆகவே இந்த வட்டாரத்தில் கார் வாங்குபவர் பழுதுகளைப் பாதையை வைத்தே புரிந்துகொள்வது நல்லது.

எஞ்சின் சூடு

பழைய சிறிய காரில் பெரிய செலவு வைக்கும் பழுது ஓவர்ஹீட். அதன் காரணங்கள் பெரும்பாலும் சிறியவை. ரேடியேட்டர் உள்ளே உப்பு படிந்து அடைத்திருக்கும், ரப்பர் ஹோஸ் ஊறிப்போய்க் கசியும், தெர்மோஸ்டாட் திறக்காது, ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் ஓடாது, வாட்டர் பம்ப் சீல் போயிருக்கும். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்த காரில் இவை எல்லாமே சேர்ந்து வரும். கடினத் தண்ணீரில் உள்ள உப்புகள் சூட்டில் படிந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கூலன்டில் உண்டு, வெறும் தண்ணீரில் இல்லை.

மலையேறும்போது இந்தக் குறைகள் ஏன் உடனே தெரிகின்றன என்பதற்குக் காரணம் எளியது. எஞ்சின் முழு வலுவுடன் வேலை செய்கிறது, வண்டியோ மெதுவாகப் போகிறது, எதிர்க்காற்று குறைவு. சூட்டை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் ஃபேனிடம் வருகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்குகிறது. கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். நூறு, இருநூறு ரூபாய் மூடிக்கு யோசித்தவர் ஹெட் கேஸ்கெட் வேலைக்குப் பல ஆயிரம் கொடுக்க நேர்வது இப்படித்தான்.

சூட்டு முள் மேலே போகத் தொடங்கியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள் வந்து வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். பின் வந்த சில சிறிய கார்களில் சூட்டு முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான்; அந்தச் சிவப்பு விளக்கு எரிந்த பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

வாங்கும்போது குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து பார்ப்பது அவசியம். உள்ளே பச்சையோ சிவப்போ நிறமுள்ள தெளிந்த கூலன்ட் இருந்தால் நல்ல அடையாளம். செங்காவி நிறத் தண்ணீர் துருவைக் காட்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற வெள்ளைப் பசை அடர்ந்திருந்தாலும் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்குரியது.

டைமிங் பெல்ட்டா, செயினா?

ஒரே பெயருள்ள காரிலேயே இந்த வேறுபாடு உண்டு என்பதால் இதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். மாருதி 800, ஆல்டோ 800, 1,061 சி.சி. எஞ்சின் கொண்ட பழைய வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10-ன் 1.1 லிட்டர் எஞ்சின் ஆகியவை டைமிங் பெல்ட் கொண்டவை. 2010-ல் வந்த ஆல்டோ கே10, அதே ஆண்டு முதல் 998 சி.சி. எஞ்சினுடன் வந்த வேகன் ஆர், ஐ10-ன் 1.2 லிட்டர் கப்பா எஞ்சின் ஆகியவை செயின் கொண்டவை.

ரப்பர் பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. காரைப் பொறுத்து 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதால் ரப்பர் இறுகி வெடிக்கும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட் மாற்றிய பில் இல்லாத பழைய காருக்கு, வாங்கிய உடனே பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் ஒரே கூலியில் மாற்றிவிடுவது சிக்கனம். செயினுக்கு இந்தக் கெடு இல்லை. ஆனால் எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயினும் தளரும். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி கடகடவெனக் கேட்டால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில், புகை, மிஸ்ஸிங்

பின்னால் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் கொஞ்சம் புகைந்து நின்றால் வால்வ் சீல் தேய்ந்திருக்கும். அது நடுத்தரச் செலவு. ஓடும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கும். எஞ்சினை இறக்கியாக வேண்டும். அந்தச் செலவு சில பழைய கார்களின் விலையில் பாதியைத் தின்றுவிடும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். குளிர்காலையில் வரும் மெல்லிய வெள்ளை ஆவி இயல்பானது. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை சிறிய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. அதன் பிறகு எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் மிஸ்ஸிங் அடிப்பதற்கும் பிக்கப் குறைவதற்கும் வழக்கமான காரணங்கள் தேய்ந்த ஸ்பார்க் பிளக், கெட்டுப்போன இக்னிஷன் காயில், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கான இன்ஜெக்டர், பழுதான ஆக்சிஜன் சென்சார் ஆகியவையே. செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்த்துப் பழுதுக் குறியீட்டைப் படித்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும். ஊகத்தில் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்ப்பது உரிமையாளருக்குத்தான் நஷ்டம். கார் வாங்குபவர் சாவியைத் திருகும்போது அந்த விளக்கு முதலில் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பழுதை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கக் கூடும்.

இன்ஜெக்‌ஷன் காரில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருந்து, அந்தப் பெட்ரோலாலேயே குளிர்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் அந்தப் பம்பின் ஆயுளைக் குறைக்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் இ20-ஆல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. 2023-க்கு முந்தைய கார்களில் எரிபொருள் வழியில் உள்ள ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், ஓரிங் ஆகியவற்றைச் சர்வீஸ்தோறும் பார்த்து, ஊறியோ வெடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அதே நாளில் காட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் தீ விபத்தில் முடியும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் எத்தனால் ஈரத்தை இழுப்பதால், வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுவது நல்லது.

கிளட்ச்

மலையடிவார ஊர்களில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்வதற்குப் பாதி காரணம் பாதை, பாதி காரணம் பழக்கம். ஏற்றத்தில் வண்டியை ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தாமல் பாதி கிளட்சில் பிடித்து வைப்பதும், ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பதும் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் தின்னும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாக மாற்றுவதே வழக்கம். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியிருப்பதால் பாகத்தின் விலையைவிடக் கூலியும் நேரமும் பெரிதாகத் தெரியும்.

சோதிக்க எளிய வழி உண்டு. லேசான ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. பெடல் கல்லாக இறுகியிருந்தாலும், மிக மேலே வந்த பின்பே வண்டி நகர்ந்தாலும் பிளேட் முடிவை நெருங்கிவிட்டது. கருகிய வாடை அடித்தால் அந்த முடிவு வந்தேவிட்டது. கியர் மாற்றும்போது உரசல், குறிப்பிட்ட கியர் தானாகத் தெறித்து வெளியே வருவது ஆகியவை கியர்பாக்ஸ் உள்வேலையைக் குறிக்கும். அவற்றை விலையில் பேரம் பேசித் தீர்க்காமல் அந்தக் காரையே விட்டுவிடுவது மேல்.

பிரேக்

நான்கு பேருடன் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார், கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 1,800 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் கிட்டத்தட்ட ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றுத் தடையும் டயர் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதையும் எஞ்சினோ பிரேக்கோ சூடாக மாற்றி வெளியேற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் பிரேக் மேலேயே சுமத்தினால் பேடும் டிஸ்கும் காய்ந்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி அடங்காமல் போகும்.

அதைவிட ஆபத்து பழைய பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உருவாகி, பெடல் பஞ்சு போலத் தரை வரை இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. சமவெளியில் இதை மறந்தவர்கள் தப்பிக்கலாம். மலைப்பாதையில் அதற்கு இடமில்லை.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைத்து உருட்டுவதும் அந்த விதியை மீறுவதுடன் கணக்கிலும் தவறானவை. இன்ஜெக்‌ஷன் காரில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் போவது தானாகவே நிறுத்தப்படுகிறது; நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் நிற்காமலிருக்கப் பெட்ரோல் எரிகிறது. எஞ்சினை அணைத்துவிட்டாலோ, பிரேக்குக்குத் துணையாக இருக்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் வலுவிழந்து பெடல் கல்லாகிவிடும்.

சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டயர்

வேகத்தடையும் குழியும் நிறைந்த சாலைகளில் முதலில் போவது ரப்பர் பாகங்களே: லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட். பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று கேட்பது பெரும்பாலும் இவையே. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியும். இவை கழன்றால் சக்கரமே திரும்பிக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போடக் கூடாத வேலை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது ‘கடக் கடக்’ என்று கேட்டால் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று கீழே குனிந்து பார்த்தாலே முன்கூட்டித் தெரிந்துவிடும். வேகத்துக்கு ஏற்பக் கூடும் ரீங்காரம் வீல் பேரிங்கினுடையது.

டயரில் தடத்தின் ஆழம் மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். ‘2319’ என்றால் 2019-ன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஆறு ஆண்டு கடந்த டயர், தடம் நன்றாக இருந்தாலும் வெயிலில் இறுகிப்போயிருக்கும். மழையில் மலைப்பாதையில் பிடிக்காது. சட்டப்படி தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உட்புறம் மட்டும் தேய்ந்த முன் டயர் அலைன்மென்ட் கெட்டிருப்பதையோ, கார் முன்பு மோதியிருப்பதையோ காட்டும்.

மின்சாரம், ஏசி, எலி

சிறிய காரின் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைக்கும். காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் டெர்மினலில் படிந்த உப்பு, எர்த் ஒயர், ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் மூன்றையும் பார்க்க வேண்டும். ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை.

ஏசி குளிராததற்குக் காஸ் தீர்ந்ததை மட்டும் காரணம் சொல்லி வருடா வருடம் காஸ் ஏற்றுவது வீண். மூடிய குழாய்க்குள் இருக்கும் காஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றிய காஸ் அடுத்த கோடைக்குள் போய்விடும்.

தோப்பும் வயலும் சூழ்ந்த ஊர்களில் காருக்குப் பெரிய எதிரி எலி. எஞ்சின் சூட்டுக்கு வந்து அடைந்து, ஒயரையும் இன்சுலேஷனையும் கடிக்கிறது. ஒரு ஒயர் அறுந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இரண்டு ஒயர் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கலாம். பேட்டரிப் பெட்டிக்கடியிலும் ஏர் ஃபில்டர் கூட்டுக்குள்ளும் வைக்கோல், எலிப்புழுக்கை இருக்கிறதா என்று பார்ப்பது வாங்கும் சோதனையில் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

துருவும் மறைத்த அடியும்

பெயிண்ட் பளபளப்பு எதையும் நிரூபிக்காது. கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, காலடி மிதியடிக்குக் கீழுள்ள தகடு ஆகிய இடங்களில்தான் துரு ஒளிந்திருக்கும். பானெட்டைத் திறந்து இரு பக்க இரும்புச் சட்டங்களிலும் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்தால் மோதி நிமிர்த்திய வண்டி அகப்பட்டுவிடும். விரலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான சத்தம் வந்தால் அங்கே பட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. அத்தகைய கார்கள் சுத்தம் செய்யப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வர வாய்ப்பு உண்டு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் தண்ணீர் நின்ற கறை கோடாகத் தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், மூடிய காரில் ஈர வாடை ஆகியவை மற்ற அடையாளங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டு தேதிகளை நினைவில் வைப்பது பயன்படும். ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும் கார்களுக்குக் கட்டாயமாயின. அதற்கு முந்தைய சின்ன கார்களில், குறிப்பாகக் குறைந்த விலை வகைகளில், இவை இல்லாமலிருப்பதே சாதாரணம். மலைப்பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள் சில பத்தாயிரம் கூடக் கொடுத்தாவது இவை உள்ள வண்டியைத் தேடலாம்.

ஓட்டும் செலவு

மாதம் 800 கி.மீ.யைச் சற்றே தாண்டி, ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் பழைய சின்ன காரை எடுத்துக்கொள்வோம். கடைத்தெரு, நெடுஞ்சாலை, எப்போதாவது மலை என்று கலந்து ஓடினால் லிட்டருக்கு 16 கி.மீ. எதிர்பார்ப்பது நியாயம். ஆண்டுக்கு 625 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 62,500 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய். மலை ஏற்றத்துக்கு மட்டும் சமவெளிச் செலவுக்கு மேல் ஏறத்தாழ இரண்டு லிட்டர் கூடுதலாகப் போகும். உண்மையான மைலேஜை அறிய டேங்கை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் அதே அளவு நிரப்பி வகுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

மூன்றாம் தரப்புக் காப்பீடு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. பழைய 1,061 சி.சி. வேகன் ஆரும் 1,086 சி.சி. சான்ட்ரோ ஜிங்கும் சில பத்து சி.சி. கூடியதாலேயே இரண்டாம் வகுப்பில் விழுகின்றன.

மற்ற செலவுகள் கடைக்குக் கடை மாறும் என்றாலும் திட்டமிட ஓர் அளவு வேண்டும். எஞ்சின் ஆயில், ஃபில்டர், பொதுச் சர்வீஸுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். நான்கு டயரின் விலையை 40,000 கி.மீ.க்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 3,000-க்குச் சற்று மேல், பேட்டரிக்கு 1,000, பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன், எதிர்பாராத வேலைகளுக்கு 8,000, காப்பீட்டுக்கு 2,500. மொத்தம் 20,000 ரூபாயை ஒட்டி வரும். பெட்ரோலுடன் சேர்த்தால் 82,500 ரூபாய், கிலோமீட்டருக்கு எட்டேகால் ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு வாங்கி நான்கு ஆண்டில் தொண்ணூறாயிரத்துக்கு விற்றால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் தேய்மானம்; அதையும் சேர்த்தால் கிலோமீட்டர் செலவு பத்து ரூபாயை நெருங்குகிறது.

ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓடும் காருக்குச் செலவு பாதியாகிவிடுவதில்லை. ஆயில், பேட்டரி, டயர், காப்பீடு ஆகியவை கிலோமீட்டரைப் பார்க்காமல் காலத்தைப் பார்த்தே செலவு வைப்பதால், தேய்மானம் சேர்க்காமலேயே கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாயைத் தாண்டும்.

மீட்டரும் ஆவணங்களும்

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைக் குறைப்பது டிஜிட்டல் மீட்டரிலும் நடக்கிறது. நிறுவன சர்வீஸ் சென்டரில் பதிவான பழைய சர்வீஸ் விவரமே சரியான சாட்சி. அது இல்லாதபோது பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், கியர் நாப் ஆகியவற்றின் தேய்மானம் மீட்டருடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 40,000 காட்டும் காரில் பெடல் ரப்பர் வழவழப்பாகியிருந்தால் மீட்டரை நம்ப வேண்டியதில்லை.

பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு எண்ணைப் போட்டால் பதிவு முடியும் தேதி, காப்பீடு, வங்கிக் கடன் பதிவு போன்றவை தெரியும். கட்டாத அபராதங்களையும் தனியே பார்க்கலாம். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் கையொப்பமிட்ட படிவம் 35 இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையொப்பமிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் வாங்குபவருக்கு வராது. பெயர் மாற்றம் விற்பவருக்கும் முக்கியம்: காரை விற்றுக் கைமாறிய பிறகும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேனி, குமுளி வழியே கேரளப் பதிவு எண் கொண்ட கார்கள் விலை குறைவாக வருவதுண்டு. அவற்றுக்கு அம்மாநிலத் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரியைக் கட்டி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகே டி.என். 57 எண் கொண்ட திண்டுக்கல் மாவட்டக் காருடன் விலையை ஒப்பிட வேண்டும். கனமழை ஊர்களில் ஓடியவை என்பதால் அடித்தகட்டின் துருவையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. எடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும், எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கரிங், பெயிண்டிங் வேலையும் இதற்கு மேல். பதினான்காம் ஆண்டில் உள்ள கார் மலிவாகக் கிடைத்தால் அந்த மலிவில் பெரும்பகுதி அடுத்த ஆண்டே செலவாகும் என்று கணக்கிட வேண்டும்.

வாங்குபவருக்கு

கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், 20,000 முதல் 25,000 ரூபாய் வரை தனியே எடுத்து வைத்துக்கொண்டு கார் தேடுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், பில் இல்லாத டைமிங் பெல்ட், வெடித்த ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றுங்கள். அதன் பின் தேதியும் கிலோமீட்டரும் குறித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை விற்கும்போது அந்த நோட்டே நல்ல விலை வாங்கித் தரும். அந்த வேலைகள் முடிந்து, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பிரேக்கையும் கூலிங்கையும் சரிபார்த்துச் சொல்லும் வரை, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறாதீர்கள்.